மருந்து படாத கீரை

கெங்கம்மாவின் கையைப் பார்த்தால் யாரும் அவளிடம் கீரை வாங்க மாட்டார்கள். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரலிடுக்கெல்லாம் வெடித்து, நகக்கண்ணில் நத்தைக் கோழை காய்ந்து, பார்க்கவே குமட்டும். அதனால் விளைவிப்பது அவள், தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் சாக்கை விரித்து உட்காருவது நான். என் பெயர் ஜஸீமா. வாய் நீளம் என்று எனக்குப் பெயர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். வாய் இல்லாதவள் அந்தத் தெருவில் கீரை விற்றால், மாலைக்குள் கீரையும் இருக்காது, சாக்கும் இருக்காது.

"மருந்து படாத கீரைம்மா!" என்றுதான் கூவுவேன். அதில் பொய் கிடையாது. காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வருகிற அம்மாக்கள், "ஆர்கானிக்கா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். ஒருத்தி அதோடு விடவில்லை. "அந்த விவசாயி அம்மாவுக்கு மண்ணு மேல எவ்ளோ பாசம் பாருங்க!" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மண்ணாவது, பாசமாவது! கெங்கம்மாவுக்கு மண் மேலும் பாசம் இல்லை, மண்புழு மேலும் பாசம் இல்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் பயம்.

அந்தப் பயம் அவள் புருஷன் ஜெயவேலுவிடமிருந்து வந்தது. ஹார்பரில் மூட்டை தூக்கியவன். தூக்கியதையெல்லாம் குடித்தான். ஒருநாள் மீன் குழம்பில் உப்பு அதிகம் என்று ஆரம்பித்த சண்டை. சட்டி உடைந்தது, கெங்கம்மாவின் மண்டையும் உடைந்தது. ரத்தம் வழிய வழிய அவள், "ஒயிஞ்சி போயேன்டா" என்றாள். எந்தப் பெண்பிள்ளை சொல்லாத வார்த்தை அது! அந்தச் சனியன் பிடித்தவன் நேரே பின்பக்கம் போய், கீரைக்கு அடிக்க அவள் வாங்கி வைத்திருந்த பூச்சி மருந்தைக் குடித்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்தான். மகன் அறிவு அப்போது பள்ளிக்கூடத்துச் சின்னப் பையன். அப்பன் செத்ததை முழுசாகப் பார்த்தான்.

பார்த்தவன் பாடம் படித்துக்கொண்டான். மீசை முளைத்துக் குடிக்க ஆரம்பித்ததும், அம்மாவிடம் காசு கறக்க அவனுக்கு ஒரே ஒரு வசனம் போதுமாக இருந்தது. "நைனா மாதிரி நானும் மருந்த குட்ச்சிட்டு பூட்றேன். அப்பால நீ சந்தோசமா இரு." இதைக் கேட்டதும் கெங்கம்மாவின் முகம் வெளுத்துவிடும். முந்தானை முடிச்சை அவிழ்த்துவிடுவாள். நாசமாய்ப் போகிறவன், அவள் கழுத்தை நெரிக்கவே அந்த வார்த்தையைக் கையில் வைத்திருந்தான்.

அதிலிருந்து கெங்கம்மா மருந்து என்ற ஒன்றை வீட்டுப் பக்கமும் தோட்டத்துப் பக்கமும் அண்டவிடவில்லை. எலி மருந்து கூடாது, மூட்டைப்பூச்சி மருந்து கூடாது, கொசு மருந்துப் பாட்டில்கூட கூடாது. இன்னொரு பழக்கமும் அவளுக்கு வந்தது. தினம் காலையில் மகனைப் பார்த்ததும், "வாயத் தொற" என்பாள். கிட்டே போய் மோந்து பார்ப்பாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவள் சாராய வாடையைத் தேடுகிறாள் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் அவளே சொன்னாள்.

"சரக்கு வாசன வந்தா நிம்மதி ஜஸீமா. வேற வாசன வந்துடுமோன்னுதான் மோந்து பாக்குறேன்."

அவள் பயிர் செய்த இடம் திருவொற்றியூரில் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. மூடிக்கிடக்கும் ஒரு தொழிற்சாலையின் பின்பக்கம். புதர் மண்டாமல், பாம்பு அடையாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று காவல்காரர் விட்டுவைத்திருந்தார். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் ராத்திரி பகலாக உறுமிக்கொண்டு நிற்கும். இந்தப் பக்கம் அரைக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை, ஓரமாகப் பொன்னாங்கண்ணி. மூலையில் தகரம் போட்ட ஒரு கொட்டகை.

அறிவின் பெண்டாட்டி செங்கொடி, அடி தாங்காமல் கைக்குழந்தையோடு புளியந்தோப்பில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவன் படுக்கை அந்தக் கொட்டகையில்தான். கெங்கம்மா எர்ணாவூர் வீட்டிலிருந்து விடிகாலையில் வருவாள். மகனை எழுப்புவாள், மோந்து பார்ப்பாள், பிறகு கீரை பறிப்பாள்.

நத்தை வந்தது ஒரு ஐப்பசி மழையில். கைப்பிடி அளவு, ஒவ்வொன்றும் ஒரு கத்தரிக்காய் கனம். ஏதோ கப்பலில் மரக்கட்டையோடு வந்து இறங்கியது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். யார் கண்டது! பெரியதோடு குட்டிகளும், ஓடே இல்லாத வழவழப்பு ஜாதியும் சேர்ந்துகொண்டன. ராத்திரி பச்சையாக இருந்த பாத்தி காலையில் வெறும் தண்டாக நின்றது. தண்டு மேலெல்லாம் வெள்ளி ஜரிகை மாதிரி கோழை. எனக்கு வயிறு எரிந்தது.

"யக்கா, யானைக்கவுனியாண்ட மருந்துக்கடைல நீல கலர்ல குருணை வருதாம். தூவி வுட்டா காலைல எல்லாம் செத்துக் கெடக்குமாம்" என்றேன்.

கெங்கம்மா என்னை முறைத்த முறைப்பில் நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். "கொட்டாயில யாரு படுத்துகினு கீறான்னு தெரியாதா ஒனக்கு? நத்தைக்கு வைக்கிறது நத்தைதான் துன்னும்னு இன்னா கேரண்டி?"

அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளும் நத்தையும் நேருக்கு நேர் நின்றார்கள். முதலில் உப்பு. உப்பளத்தில் கூட்டித் தள்ளிய அழுக்கு உப்பை வாங்கிவந்து பாத்தியைச் சுற்றிக் கோலம் போட்ட மாதிரி கொட்டினாள். நத்தை அதன் மேல் ஏறியதும் நுரை தள்ளிச் சுருண்டது. கெங்கம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதையே பார்த்தாள். "துடி. நல்லா துடி" என்றாள். இத்தனை வருஷமாக யார் மேலும் காட்ட முடியாத கோபமெல்லாம் அதில் இருந்தது. மறுநாள் மழை வந்து உப்பைக் கரைத்து உள்ளே இறக்கிவிட்டது. நத்தை தின்றது போக மிச்சமிருந்த கீரையை உப்பு தின்றது. அந்தப் பாத்தியில் இன்றைக்கும் புல்கூட முளைக்கவில்லை.

பிரியாணிக் கடையிலிருந்து முட்டை ஓடு வாங்கி நொறுக்கிப் போட்டாள். டீக்கடை அடுப்புச் சாம்பலைத் தூவினாள். காய்ந்திருக்கும்வரை இரண்டும் வேலை செய்தன, ஈரம் பட்டதும் போச்சு. வாத்து வாங்கி விட்டாள். குட்டி நத்தைகளை வாத்துகள் ஆசையாகத் தின்றன, வாத்துகளை நாய்கள் ஆசையாகத் தின்றன. கடைசியில் நின்றது ஒன்றுதான். சாயங்காலம் ஈரச் சாக்கு விரித்து, அடியில் பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் தோலும் போட்டு வைப்பாள். விடியும் முன் சாக்கைப் புரட்டினால் பெரிய நத்தைகள் அப்பிக் கிடக்கும். பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுவாள். வாளி கொதிக்கிற மாதிரி நுரைக்கும். பாவ புண்ணியமெல்லாம் அவளிடம் பேச முடியாது. பெரியவை குறைந்தன. குட்டிகளும் ஓடில்லாதவையும்தான் அடங்கவில்லை. கைக்கு அகப்படாமல் மண்ணுக்குள் நழுவிவிடும்.

அதற்கும் அவளே வழி கண்டுபிடித்தாள். மெயின் ரோட்டில் ஒயின்ஷாப்பை ஒட்டி ஒரு பார். காலிப் பாட்டில்களை எடுத்து அடுக்குகிறவர் சுப்புராயன். பாருக்குப் பின்னால் ஒரு சந்தில் பெட்டிப் பெட்டியாகப் பாட்டில் கிடக்கும். ஒருநாள் அந்தச் சந்து வழியாக வந்த கெங்கம்மா, பீர் சிந்திய இடத்தில் ஓடில்லாத நத்தைகள் ஈ மொய்க்கிற மாதிரி மொய்த்துக் கிடந்ததைப் பார்த்தாள். பாட்டிலுக்குள் தலையை விட்டுச் செத்தும் கிடந்தன.

"அட கசமாலங்களா, நீங்களும் குடிகாரப் பசங்கதானா!" என்று அங்கேயே நின்று சிரித்தாளாம். சுப்புராயன்தான் என்னிடம் சொன்னார்.

அன்றிலிருந்து பாட்டில்களில் மிஞ்சிய அடிக் கசண்டையெல்லாம் சுப்புராயன் ஒரு கேனில் வடித்து வைப்பார். கெங்கம்மா சாயங்காலம் போய் வாங்கிக்கொள்வாள். பாத்திகளின் நடுவே கொட்டாங்குச்சிகளை வாய் மண்மட்டத்தில் இருக்கும்படி புதைத்து, ஒவ்வொன்றிலும் ஊற்றுவாள். ராத்திரி வாசனைக்கு வந்து விழுந்து, நத்தைகள் மூழ்கிச் சாகும். காலையில் பார்த்தால் கொட்டாங்குச்சி நிறைய ஊறி உப்பிய பிணங்கள்.

ஒரு விஷயத்தில் அவள் படு கெட்டி. கேனைத் தோட்டத்தில் வைக்க மாட்டாள். மகன் வரும் முன்பே சொட்டு மிச்சமில்லாமல் கொட்டாங்குச்சிகளில் ஊற்றிவிட்டு, கேனைக் கவிழ்த்து உதறி, காலியாக வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவாள். "கேன பாத்தான்னா வுடுவானா அவன்? மண்ணுக்குள்ள பூட்ச்சின்னா எவன் தொடப் போறான்" என்றாள். நானும் தலையாட்டினேன். நத்தை செத்து மிதக்கிற கலீஜை மனுஷ ஜென்மம் தொடுமா?

கீரை தழைத்தது. என் சாக்கில் கட்டுகள் நிறைந்தன. அதைவிடப் பெரிய அதிசயம், அறிவு திருந்த ஆரம்பித்தான். ஒருநாள் கெங்கம்மா வரும்போது அவன் முன்பே எழுந்து பாத்தி நடுவில் குந்தியிருந்தான். நத்தைகளைப் பொறுக்கி வெளியே போட்டு, கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து வைத்திருந்தான்.

"இந்த கொட்டாங்குச்சி வேலைய இனிமே நான் பாத்துக்கறேம்மா. நீ குனிஞ்சி நிமிந்து கஷ்டப்படாத" என்றானாம்.

கெங்கம்மா அதை என்னிடம் சொல்லும்போது அழுதாள். மண்டை உடைந்தபோது அழாதவள். "எம் புள்ள வேல செய்றான் ஜஸீமா. சொல்லாம கொள்ளாம அவனே எய்ந்து செய்றான்." தோளில் போட்டிருக்கும் துண்டைக்கூட அவன் நத்தைக் கோழையில் நனைத்துவிடுகிறான் என்று பெருமையாகச் சொன்னாள். தினம் அதை அலசிப் போடுவது அவளுக்குப் பாரமாகவே இல்லை. காலையில் மோந்து பார்த்தால் பீர் வாசனை வரும். ராத்திரி குடித்தது என்று நினைத்துக்கொள்வாள். நிம்மதியாகக் கீரை பறிக்கக் குனிவாள்.

மார்கழி பிறந்த சமயம் அறிவுக்குத் தலைவலி வந்தது. குடிகாரனுக்குத் தலைவலி வருவதெல்லாம் ஒரு சேதியா? மாத்திரை போட்டான், கேட்கவில்லை. வாந்தி எடுத்தான். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. சட்டை உரசினால்கூடத் தோல் நெருப்பாக எரிகிறது என்று கத்தினான். கெங்கம்மா ஓடிப்போய் முதலில் செய்த காரியம் அவன் வாயைப் பிளந்து மோந்து பார்த்ததுதான். மருந்து வாடை இல்லை. அதில் கொஞ்சம் தைரியம் வந்து, ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். நான் கடையை மூடிவிட்டுப் பின்னாலேயே போனேன்.

சின்ன வயசு லேடி டாக்டர். "ஏதாவது மருந்து கிருந்து குடிச்சாரா? மறைக்காம சொல்லுங்க" என்று கேட்டார்.

கெங்கம்மா நிமிர்ந்து நின்றாள். "எங்க வூட்டாண்ட அந்தப் பேச்சே கெடியாது டாக்டரம்மா. இவ்ளோ வருசமா ஒரு சொட்டு மருந்த உள்ள வுட்டதில்ல. கீரைக்குக்கூட அடிக்கறதில்ல. நத்தையகூட கையால பொறுக்கித்தான் சாவடிக்கிறோம்."

அப்படி ஒரு கம்பீரத்தோடு அவள் பேசி நான் பார்த்ததே இல்லை. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "நத்தையா?" என்றார். முதுகில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். மறுநாள் அவரே எங்களைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இவர் நத்தை சாப்பிடுவாரா? மூலத்துக்கு, சளிக்குன்னு சிலபேரு பச்சையா முழுங்குவாங்க."

"சீ! அந்த கருமத்தையா?" என்றாள் கெங்கம்மா.

"எலிகிட்டேருந்து நத்தைக்குத் தொத்துற ஒரு புழு இருக்கு. மனுஷன் உள்ள போச்சுன்னா மூளைக்கு ஏறிடும். நத்தையத்தான் திங்கணும்னு இல்லம்மா. அது செத்து ஊறுன தண்ணிய குடிச்சாலே போதும்."

செத்து ஊறின தண்ணீர். கெங்கம்மாவைப் பார்த்தேன். அவள் வாய் திறந்தபடியே நின்றாள், மூடவில்லை. பிறகு யாரையும் கேட்காமல் வார்டுக்குள் நடந்தாள்.

அறிவு அரைக்கண் திறந்து கிடந்தான். கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிந்து, "கொட்டாங்குச்சில கீற பீர குட்ச்சியா?" என்று கேட்டாள்.

அவன் சிரிக்கப் பார்த்தான். அந்தச் சிரிப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "ஒயின்ஷாப்பு மத்தியானம்தானேம்மா தொறக்குறான்... காலைல கை ஒதறும்... நத்தைய எட்த்துப் போட்டுட்டு... துண்டுல வடிகட்டிதாம்மா குட்ச்சேன். சுத்தமாத்தான் குட்ச்சேன்."

கெங்கம்மா கையை ஓங்கி அவன் கன்னத்தில் பளாரென்று அறைந்தாள். ட்ரிப் கம்பி ஆடியது. நர்ஸ் ஓடிவந்து திட்டித் தள்ளினாள். நான் அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். "மருந்து இல்லியேடா... மருந்து இல்லாமதானேடா வச்சேன்..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். யா அல்லாஹ், அந்தக் குரலை என் விரோதிகூடக் கேட்கக் கூடாது.

டாக்டர்கள் முடிந்ததைச் செய்தார்கள். குடித்துக் குடித்து ஏற்கெனவே அரித்துப்போன உடம்பு, தாங்கவில்லை. முதலில் கண் போனது. "லைட்ட போடும்மா" என்று பகலில் கேட்டான். அந்த வாரம் தாண்டவில்லை.

சாவு வீட்டில் மேளம் அடித்தார்கள், பட்டாசு வெடித்தார்கள். செங்கொடி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். உயிரோடு இருக்கும்போது அவனிடம் அடி வாங்கி ஓடினவள், பிணத்தைப் பார்த்ததும் கெங்கம்மாவின் தலைமுடியைப் பிடித்தாள். "கீரைய காப்பாத்த எம் புருசன பலி குட்த்தியேடி! ஒங்கீரைக்கு ஒரமா போட்டியேடி!" என்று அலறினாள். கூட்டத்தில் ஒருத்தனாவது தடுத்தானா? வேடிக்கை பார்த்தார்கள். பாதிப் பேர் தலையாட்டினார்கள். பெத்தவளே நத்தைத் தண்ணியை ஊத்திக் கொடுத்தாளாம் என்று எர்ணாவூர் முழுக்கப் பரவியது. நான் வாய் கிழிய ஒவ்வொருத்தரிடமும் சண்டை போட்டேன். யார் கேட்கிறார்கள்?

கெங்கம்மா, காரியம் முடிந்ததும் தோட்டத்துக்குப் போனாள். கொட்டாங்குச்சிகளைப் பிடுங்கி எறிந்தாள். சாக்கு விரிக்கவில்லை, வாளி எடுக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து, நத்தைகள் கீரையைத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காலிக் கூடையோடு போய் நின்றால், "துன்னட்டும்" என்பாள். எனக்குக் கோபம் கோபமாக வரும். "நீயும் அதுங்களோட ஊர்ந்து போ" என்று கத்திவிட்டு வருவேன்.

ஒருநாள் காலையில் அவளே மார்க்கெட்டுக்கு வந்தாள். தலை வாரி, பொட்டு வைத்து, துவைத்த புடவை கட்டியிருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் சாக்கு ஓரத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாள்.

"யானைக்கவுனியாண்ட நீல குருணை கெடைக்கும்னியே, வாங்கியாறியா?"

"ஒனக்குத்தான் அது ஆவாதேக்கா."

"அப்போ ஆவாது. இனிமே இன்னா பயம்? வூட்ல அத்த எட்த்து துன்றதுக்கு யாரு கீறா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. பக்கத்துக் கடைக்காரன் பேரம் பேசிக்கொண்டிருந்தான், ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றுமே காதில் விழவில்லை.

"நீ கீறியேக்கா" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் என்னைக் கொன்றது. என் வாழ்க்கையில் யாரையும் திட்டாத திட்டெல்லாம் அன்றைக்கு நடு மார்க்கெட்டில் அவளைத் திட்டினேன். சாவுகிராக்கி என்றேன், பேமானி என்றேன். திட்டிக்கொண்டே அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் டீ வாங்கிக் கொடுத்தேன். குருணை வாங்கித் தரவில்லை. மார்க்கெட்டில் வேறு யாரும் அவளுக்கு வாங்கித் தரக் கூடாது என்று எச்சரிக்கையும் விட்டேன்.

இப்போது தினம் விடிகாலையில் நான் தோட்டத்துக்குப் போகிறேன். டாக்டர் சொன்னபடி இரண்டு பேரும் கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொள்கிறோம். பழையபடி ஈரச் சாக்கு, பப்பாளி இலை, உப்புத் தண்ணீர் வாளி. கொட்டாங்குச்சி கிடையாது. பாதி கீரை நத்தைக்குப் போகிறது, மீதி என் சாக்குக்கு வருகிறது. "மருந்து படாத கீரைம்மா, உப்பு மஞ்சள் போட்டு நல்லா கழுவி வேகவைம்மா" என்று கூவுகிறேன். மருந்து ஏன் படவில்லை என்று கேட்டால் பதில் சொல்வதில்லை.

போனதும் முதல் வேலை ஒன்று இருக்கிறது. கூடையைக் கீழே வைத்துவிட்டு, அவள் எதிரில் போய் நிற்பேன்.

"வாயத் தொற."

"போம்மே அந்தாண்ட" என்பாள். நான் நகர மாட்டேன். முணுமுணுத்துக்கொண்டே வாயைத் திறப்பாள். கிட்டே போய் மோந்து பார்ப்பேன். வெற்றிலை வாடைதான் இருக்கும். "சரி, குனி" என்று சொல்லிவிட்டு நான் சாக்கைப் புரட்டுவேன்.